இழை: பீட்சாக்காரருக்குத் தெரியும் வாசல் 911-க்கு ஏன் தெரிவதில்லை?

2 பிப்ரவரி 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

நான் டெக்சாஸில் வசிக்கிறேன். சென்ற வாரம் நெடுஞ்சாலையில் எனக்கு முன்னால் சென்ற வண்டி கவிழ்ந்தது. அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தேன். எடுத்தவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அந்த இடம் தங்கள் கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் போன்றது) உட்பட்டதில்லை என்று பக்கத்து கவுண்டிக்கு மாற்றிவிட்டார். அங்கே முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். பீட்சா கொண்டுவருபவருக்கு என் வீட்டு வாசல் தெரிகிறது. உயிர் காக்கும் எண்ணுக்கு நான் எந்த கவுண்டியில் நிற்கிறேன் என்பதுகூடத் தெரியவில்லை. இணைய வழிக்கு மாற்றுகிறோம் என்று பல ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். மாதந்தோறும் தொலைபேசி பில்லில் 911 கட்டணமும் பிடிக்கிறார்கள். இது சோம்பேறித்தனம் என்பதே என் கருத்து. யாராவது மறுக்க முடியுமா?

3 பிப்ரவரி 2025

சோம்பேறித்தனம் இருக்கிறது, ஆனால் நீங்கள் தேடும் இடத்தில் இல்லை. நான் வேறொரு மாநிலத்தில், ஒரு கவுண்டியின் வரைபடப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். என் மேசையிலிருந்து இரண்டு சுவர் தள்ளித்தான் 911 அழைப்புகளை எடுக்கும் மையம். பீட்சா உவமையை மாதத்துக்கு ஒருவராவது அங்கே வந்து சொல்லிவிட்டுப் போகிறார்.

பீட்சா செயலியில் உங்கள் முகவரியை நீங்களே முன்கூட்டித் தட்டெழுதி வைத்திருக்கிறீர்கள். குறி தவறினால் விரலால் நகர்த்தித் திருத்துகிறீர்கள். அப்படியும் வழி தவறினால் அவர் உங்களை அழைத்துக் கேட்கிறார். 911-ஐ அழைப்பவர் இவற்றில் எதையும் செய்யும் நிலையில் இருப்பதில்லை.

உங்கள் அழைப்புக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். பழைய முறையில் உங்கள் குரல் ஒரு வழியாகவும், நீங்கள் இருக்கும் இடம் வேறொரு வழியாகவும் வருகின்றன. கைபேசி அழைப்பு என்றால், அதைப் பிடித்த கோபுரத்தின் எந்தப் பக்கத்து ஆன்டெனா எந்த மையத்துக்கு உரியது என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள். கவுண்டி எல்லைக்கு அருகில் நின்று நீங்கள் அழைத்தபோது எல்லைக்கு அப்பாலுள்ள கோபுரம் அதைப் பிடித்திருக்கும். பட்டியல் சொன்னபடி அழைப்பு அந்த கவுண்டிக்குப் போயிருக்கும். நீங்கள் நின்ற இடத்தை அந்த முடிவுக்காக யாரும் கேட்கவே இல்லை.

அழைப்பைச் சுமந்து வரும் கம்பியின் கதை இன்னும் வேடிக்கையானது. பல மையங்களுக்கு வரும் ‘காமா’ டிரங்க் இணைப்புகள் நீண்டதூர அழைப்புகளுக்குப் பில் போடுவதற்காக உருவான தொழில்நுட்பத்தைச் சேர்ந்தவை. அவற்றில் அழைப்பவரின் எண், தொனிகளாக, ஒவ்வொரு இலக்கமாக வந்து சேரும். எட்டு இலக்கம் சுமக்கும் இணைப்பில் ஏழு உங்கள் எண்ணுக்கு. எஞ்சிய ஒன்று பகுதிக் குறியீட்டுக்கு. அந்த ஓர் இலக்கத்தால் நான்கு பகுதிக் குறியீடுகளைத்தான் குறிக்க முடியும். கலிஃபோர்னியாவில் வாங்கிய எண்ணோடு டெக்சாஸில் குடியேறியவரின் எண் அதற்குள் அடங்காது. ஆகவே கோபுரத்தைக் குறிக்கும் பொய் எண் ஒன்றை அழைப்போடு ஒட்டி அனுப்பினார்கள். மையத்தில் இருப்பவர் அந்த எண்ணைக் கொண்டு ஏ.எல்.ஐ. எனப்படும் முகவரித் தரவுத்தளத்தைக் கேட்டால் முதலில் கோபுரத்தின் முகவரி வரும். சில நொடி கழித்து, மறுபடி கேட்பதற்கான ‘ரீபிட்’ பொத்தானை அழுத்தினால் கைபேசியின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வரும். எங்கள் மையத்தில் அந்தப் பொத்தானின் எழுத்து தேய்ந்து அழிந்துவிட்டது.

புதிய முறையில் குரலும் இடமும் ஒரே உறைக்குள் சேர்ந்து வர வேண்டும். அந்த இடத்தை வரைபடத்தில் வைத்துப் பார்த்த பிறகே எந்த மையத்துக்கு அனுப்புவது என்று முடிவாக வேண்டும். என்.ஜி.911, அதாவது அடுத்த தலைமுறை 911, என்று சொல்லப்படுவதன் சாரம் இவ்வளவுதான்.

3 பிப்ரவரி 2025, இரவு

மேலே உங்கள் சொல்லை மறுக்காமல் விட்டுவிட்டேன். ‘இணைய வழி’ என்பது பாதி சரி. பயன்படுவது இணையத்தின் நெறிமுறைகள். நாம் படம் பார்க்கும் பொது இணையம் அதற்குப் பயன்படுவதில்லை. இ.எஸ்.ஐ.நெட் என்று அழைக்கப்படும் தனி வலையமைப்பு, அவசர சேவைகளுக்காகவே கட்டப்பட்டு, காவல் போட்டுப் பராமரிக்கப்படுகிறது. என் அம்மா திருநெல்வேலியிலிருந்து, “அங்கேயும் நெட் போய்விட்டால் ஆம்புலன்ஸ் வராதா?” என்று கேட்டபோது இதைத்தான் சொன்னேன். அவருக்கு அது சமாதானமாகவில்லை. பதில் முழுமையாக இல்லை என்பது எனக்கும் தெரியும், பிறகு எழுதுகிறேன்.

9 பிப்ரவரி 2025

தாமதத்துக்குப் பணமும் அரசியலும் காரணம் என்று பலர் தனிச்செய்தியில் எழுதியிருக்கிறார்கள். மறுக்கவில்லை. நாடு முழுவதையும் மாற்றப் பத்தாண்டுகளில் 950 கோடி முதல் 1,270 கோடி டாலர் வரை ஆகும் என்று 2018-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அளித்த அறிக்கையில் கூட்டாட்சி அரசே மதிப்பிட்டது. அந்தத் தொகையை யாரும் மொத்தமாக எடுத்து வைக்கவில்லை. 911-க்கென்று வசூலித்த கட்டணத்தை வேறு செலவுகளுக்குத் திருப்பிய மாநிலங்களின் பெயர்களை கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. ஆண்டுதோறும் வெளியிடுகிறது; நியூ ஜெர்சியும் நியூ யார்க்கும் அந்தப் பட்டியலுக்குப் பழகிய முகங்கள்.

ஆனால் என் மேசையில் தேங்கிக் கிடந்தது முகவரி. பழைய முறையில் ஒவ்வொரு தெருவுக்கும் இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை, இந்த ஊர், இந்த மையம் என்று எம்.எஸ்.ஏ.ஜி. எனும் பட்டியல் இருந்தது. அது வெறும் அட்டவணை. தெரு பூமியில் எங்கே கிடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. புதிய முறைக்கு அதே தெரு வரைபடத்தில் கோடாக வேண்டும். ஒவ்வொரு வீடும் புள்ளியாக வேண்டும். ஒவ்வொரு மையத்தின் ஆளுகையும் மூடிய எல்லையாக வேண்டும். அட்டவணையும் வரைபடமும் ஒன்றோடொன்று பொருந்தவும் வேண்டும்.

எங்கள் கவுண்டியில் முதன்முறை ஒப்பிட்டுப் பார்த்த நாளில் நானும் என் மேலாளரும் அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. ஏரிக்கரைச் சாலை அட்டவணையில் ஒரே சொல்லாகவும் வரைபடத்தில் இரு சொற்களாகவும் இருந்தது. ஒரு தெருவில் ஒற்றைப்படை எண்கள் இரண்டு பக்கமும் ஓடின. அஞ்சல் துறை ஓர் ஊரின் பெயரைச் சொன்னது. தொலைபேசி நிறுவனம் வேறோர் ஊரின் பெயரைச் சொன்னது. அங்கே குடியிருப்பவர்கள் மூன்றாவதாக ஒரு பெயரைச் சொன்னார்கள். ஒரு பண்ணையின் தனிப்பாதையில் நகரும் வீடுகள் ஏழு இருந்தன. ஏழுக்கும் ஒரே முகவரி. நெஞ்சுவலி என்று அழைப்பு வந்தால் ஏழு கதவையும் தட்ட வேண்டியதுதான்.

தேசிய அவசர எண் சங்கமான நீனாவின் வழிகாட்டுதல் 98 விழுக்காடு பொருந்தினால் போதும் என்கிறது. அந்த எண்ணை எட்டிய வெள்ளிக்கிழமை எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டினோம்.

10 பிப்ரவரி 2025

கேக் வெட்டியதை எழுதியபின் தூக்கம் பிடிக்கவில்லை. எங்கள் கவுண்டியில் ஏறத்தாழ நாற்பதாயிரம் முகவரிகள். 98 விழுக்காடு பொருந்தியது என்றால் எண்ணூறு பொருந்தவில்லை என்று பொருள். அந்த எண்ணூறும் பரவலாகச் சிதறியும் கிடக்கவில்லை. தனிப்பாதைகளிலும், ஆற்றோரத்திலும், நகரும் வீடுகள் நிற்கும் இடங்களிலும் குவிந்து கிடந்தன. அங்கே முதியவர்கள் அதிகம். ஆம்புலன்ஸ் வந்துசேர எடுத்துக்கொள்ளும் நேரமும் அதிகம். எஞ்சியதைச் சரிசெய்ய எனக்கு மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. யாரும் கேக் வாங்கவில்லை.

16 பிப்ரவரி 2025

இன்றைய தேதிக்காக ஒரு குறிப்பு. 1968-இல் இதே நாளில் அலபாமாவின் ஹேலிவில் என்ற சிற்றூரில் முதல் 911 அழைப்பு நடந்தது. மாநிலச் சட்டமன்றத்தின் அவைத்தலைவர் ராங்கின் ஃபைட் நகர மண்டபத்திலிருந்து அழைத்தார். காவல் நிலையத்தில் இருந்த சிவப்புத் தொலைபேசியைக் காங்கிரஸ் உறுப்பினர் டாம் பெவில் எடுத்து “ஹலோ” என்றார். ‘உங்கள் அவசரம் என்ன, எங்கே இருக்கிறீர்கள்’ என்ற கேள்விகளுக்கு அன்று தேவை இருக்கவில்லை. அழைத்தவர் எங்கே இருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும்.

சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2018 பிப்ரவரி 16 அன்று, காரி சட்டம் கையெழுத்தானது. 2013 டிசம்பரில் டெக்சாஸின் மார்ஷல் நகரில், விடுதி அறை ஒன்றில் காரி ஹன்ட் என்ற பெண் கொல்லப்பட்டார். அவருடைய ஒன்பது வயது மகள் அறையின் தொலைபேசியில் நான்கு முறை 911-ஐ அழுத்தினாள். வெளியே அழைக்க முதலில் ஒரு 9 சேர்க்க வேண்டும் என்பது குழந்தைக்குத் தெரியவில்லை. நான்கு அழைப்பும் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறவில்லை. விடுதிகள், அலுவலகங்கள் போன்ற இடங்களில் கூடுதல் எண் எதுவும் இல்லாமல் 911 நேரடியாகப் போக வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயமாக்கியது. வலையமைப்பை எவ்வளவு நவீனமாக்கினாலும் அதன் வாசல் ஒரு விடுதியின் சுவர்த் தொலைபேசியாக இருக்கக்கூடும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

21 பிப்ரவரி 2025

திருத்தம். ஒரு நண்பருக்கு அனுப்பிய தனிச்செய்தியில், 911-க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி என்.ஜி.911 வந்ததால் கிடைத்தது என்று எழுதிவிட்டேன். அவர் அதை வேறிடத்தில் எடுத்துப் போட்டிருக்கிறார். தவறு என்னுடையது. ஐயோவாவின் பிளாக் ஹாக் கவுண்டி 2009-லேயே குறுஞ்செய்தியை ஏற்கத் தொடங்கியது. இன்றும் பழைய கம்பிகளை வைத்துக்கொண்டே உலாவியில் ஒரு தனிப் பக்கத்தைத் திறந்து குறுஞ்செய்திகளுக்குப் பதில் எழுதும் மையங்கள் பல உண்டு. குறுஞ்செய்தி வருகிறது என்பதை வைத்து ‘எங்கள் கவுண்டி மாறிவிட்டது’ என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஐபோன் விஷயமும் இதைப் போன்றதே. 2018-இல் ஆப்பிள் நிறுவனம், ரேபிட்எஸ்ஓஎஸ் என்ற இடைநிலை நிறுவனம் வழியாகக் கைபேசியின் துல்லியமான இருப்பிடத்தை மையத்தின் திரைக்கு அனுப்பப்போவதாக அறிவித்தது. எங்கள் மையத்தில் அது உண்மையிலேயே உயிர் காத்திருக்கிறது. ஆனால் அது அழைப்பு வந்து சேர்ந்தபின் பக்கவாட்டில் வரும் தகவல். தவறான மையத்துக்குப் போகும் அழைப்பை அது திருப்பிவிடாது. கைபேசி அழைப்புகளைக் கோபுரத்தைப் பார்க்காமல் இருப்பிடத்தைப் பார்த்து அனுப்ப வேண்டும் என்ற எஃப்.சி.சி. விதி 2024 ஜனவரியில்தான் வந்தது.

10 ஏப்ரல் 2025

அம்மாவின் கேள்விக்கு மீதிப் பதில். பதினோரு ஆண்டுகளுக்கு முன் இதே இரவில் நடந்தது.

2014 ஏப்ரல் 9, பசிபிக் நேரப்படி நள்ளிரவுக்குச் சற்று முன். கொலராடோவின் எங்கில்வுட்டில் இன்ட்ராடோ நிறுவனத்தின் அழைப்பு மேலாண்மை மையம், வரும் ஒவ்வொரு 911 அழைப்புக்கும் ஒரு வரிசை எண் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த எண் 4 கோடிக்கு மேல் போகாதபடி மென்பொருளில் யாரோ என்றோ ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். அன்றிரவு எண்ணி எண்ணி 4 கோடியைத் தொட்டது. அதற்கு மேல் எண் இல்லை. எண் இல்லாத அழைப்புக்கு வழியும் இல்லை. புயல் இல்லை, நிலநடுக்கம் இல்லை, ஒரு கம்பியும் அறுபடவில்லை. ஏழு மாநிலங்களில் 81 மையங்கள் ஆறு மணி நேரத்துக்குக் காது கேளாமல் இருந்தன. வாஷிங்டன் மாநிலம் முழுவதும் அதில் அடக்கம். 6,600-க்கும் மேற்பட்ட அழைப்புகள் போய்ச் சேரவில்லை. வீட்டுக்குள் ஒருவன் புகுந்துகொண்டிருக்க, வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பெண் 37 முறை அழைத்தார். எச்சரிக்கை மணி அடிக்காமல் இல்லை. அடித்தது சின்னத் தொந்தரவுக்கான மணியாகையால் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. கடைசியில் அழைப்புகளை மயாமியில் உள்ள இன்னொரு மையத்துக்குத் திருப்பிய பிறகே சரியானது.

பழைய முறையில் ஒரு பெட்டி கெட்டால் ஓர் ஊர் பாதிக்கப்படும். அறிவை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, அங்கிருந்து பல மாநிலங்களுக்கு வழிகாட்டினால் செலவு குறைகிறது. அந்த ஓரிடம் தடுக்கி விழுந்தால் ஏழு மாநிலங்கள் விழுகின்றன. ஆகவே அம்மா, நெட் போனால் ஆம்புலன்ஸ் வரும். எண்ணும் பெட்டிக்கு எண் தீர்ந்தால் வராமல் போகலாம்.

18 ஏப்ரல் 2025

‘அப்படியானால் பழைய கம்பியே பத்திரம்’ என்று மேலே உள்ளதைச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். நான் அதைச் சொல்லவில்லை. பழைய கம்பிக்கு உதிரி பாகம் கிடைப்பதில்லை. அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெறுகிறார்கள். மேலும், மண் தோண்டும் இயந்திரத்துக்குப் பழையது புதியது என்ற பேதம் கிடையாது. சென்ற ஆண்டு ஏப்ரல் 17 அன்று நெப்ராஸ்கா, நெவாடா, தெற்கு டகோட்டா, டெக்சாஸ் ஆகிய மாநிலங்களில் பல இடங்களில் 911 நின்றுபோனது. காரணம், கேன்சஸ் சிட்டியில் யாரோ ஒரு விளக்குக் கம்பம் நட்டபோது கண்ணாடியிழைக் கம்பி அறுபட்டது. விளக்குக் கம்பம் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும் என்று நம்புகிறேன்.

17 மே 2025

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எல்லைகள் மூடியிருக்க வேண்டும் என்று முன்பு ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டேன். அந்த வரியில்தான் என் பெரிய தவறு ஒளிந்திருக்கிறது.

புதிய முறையில் அழைப்பு எங்கே போக வேண்டும் என்பதை ஒரு சேவையகம் முடிவு செய்கிறது. அதனிடம் ஒரு புள்ளியைக் கொடுத்தால் அந்தப் புள்ளி எந்த மையத்தின் எல்லைக்குள் விழுகிறது என்று பார்த்துச் சொல்லும். இரண்டு கவுண்டிகள் தத்தம் எல்லையைத் தனித்தனியே வரைந்தால், கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழுவதில்லை. சில இடங்களில் இரண்டும் ஏறிக்கொள்ளும். அங்கே இரு மையங்களும் ‘என்னுடையது’ என்கின்றன. சில இடங்களில் நடுவே மெல்லிய கீற்றாக இடைவெளி விழும். அங்கே எவருடையதும் இல்லை. இடைவெளியில் விழுந்த அழைப்பு, வேறு வழியில்லாதவற்றுக்கென்று ஒதுக்கிய மையத்துக்குப் போகும். அது நூறு மைல் தள்ளி இருக்கலாம்.

எங்களுக்கும் பக்கத்து கவுண்டிக்கும் எல்லை ஓர் ஆறு. ஆற்றின் நடுக்கோடு என்பது பழைய சட்டம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கோட்டை வான்படத்தைப் பார்த்து வரைந்தேன். பக்கத்து கவுண்டிக்காரர் வெள்ளத்துக்கு முந்தைய படத்தைப் பார்த்து வரைந்தார். வெள்ளத்தில் ஆறு ஒரு வளைவில் இடம் மாறியிருந்தது. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் ஓரிடத்தில் அறுபது அடி இடைவெளி. அதற்குள் ஒரு வீடு. அங்கே குடியிருப்பவர் இரண்டு கவுண்டிக்கும் வரி கட்டாமல் தப்பவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்திக்கொண்டேன், எங்களுக்குத்தான் கட்டுகிறார். வரித்துறைக்குத் தெரிந்த வீடு ஆறு ஆண்டுகளாக என் எல்லைக்கோட்டுக்குத் தெரியவில்லை.

2 ஆகஸ்ட் 2025

‘மாடியில் இருப்பவரை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?’ என்று கேட்டவருக்கு: 80 விழுக்காடு அழைப்புகளில் உயரத்தை மூன்று மீட்டர் பிசகுக்குள் சொல்ல வேண்டும் என்று 2019-இல் எஃப்.சி.சி. விதித்தது. நல்ல விதி. ஆனால் அந்த உயரம் தரையிலிருந்து அளந்ததில்லை. பூமியின் வடிவத்துக்குக் கணிதம் தரும் நீள்கோளப் பரப்பிலிருந்து அளந்தது. திரையில் எண் வரும். அதைப் பார்த்து நான்காம் மாடியா ஐந்தாம் மாடியா என்று எங்கள் மையத்தில் அழைப்பை எடுப்பவர் சொல்ல வேண்டுமானால் அந்தக் கட்டடத்தின் உள்வரைபடம் வேண்டும். மறுபடியும் என் மேசைக்கே வந்துவிட்டது.

14 டிசம்பர் 2025

கலிஃபோர்னியாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அந்த மாநிலம் தன்னை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, மண்டல நிறுவனங்களுக்கு மேல் மாநிலம் தழுவிய ஒரு நிறுவனத்தையும் வைத்து 2019 முதல் என்.ஜி.911-ஐக் கட்டிவந்தது. 45 கோடி டாலருக்கு மேல் செலவானது. இருபத்துச் சொச்சம் மையங்கள் மாறியபோதே கோளாறுகள் வந்து பணி நின்றது. இப்போது மண்டல அமைப்பைக் கைவிட்டு வேறு வடிவத்துக்குப் போவதாக முடிவெடுத்திருக்கிறார்கள். சிரிக்க எனக்குத் தகுதியில்லை. இரண்டு கவுண்டிகள் ஓர் ஆற்றை ஒப்புக்கொள்ள ஆறு ஆண்டுகள் ஆகும்போது, நான்கு மண்டலங்களும் பல நிறுவனங்களும் ஒரு கோளாறு யாருடையது என்று ஒப்புக்கொள்ள எவ்வளவு நாளாகும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது.

ஆற்றங்கரை வீட்டின் கதை முடிந்தது. பக்கத்து கவுண்டிக்காரரும் நானும் அக்டோபரில் நேரில் போய், கரையில் நின்று, ஒரே கருவியில் புள்ளிகள் எடுத்து, ஒரே கோட்டை இரண்டு தரவுத்தளத்திலும் ஏற்றினோம். வீடு எங்கள் பக்கம் வந்தது. சென்ற வாரம் இரு மையங்களுக்கும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, வீட்டுக்காரரின் அனுமதியோடு அவருடைய திண்ணையிலிருந்து சோதனை அழைப்பு விடுத்தேன். எங்கள் மையத்துக்கே போனது. முகவரியும் சரியாகத் திரையில் வந்தது. நான் மகிழ்ந்து கைகொடுத்தேன். வீட்டுக்காரர், பக்கத்து கவுண்டியின் தீயணைப்பு வண்டி பாலத்தைத் தாண்டி நான்கு நிமிடத்தில் வந்துவிடும் என்றும், எங்கள் வண்டி சுற்றி வர இருபது நிமிடம் ஆகும் என்றும் சொன்னார். தீயணைப்புக்கான எல்லை வரைபடத்தில் வேறு அடுக்கு. திங்களன்று அதைத் திறக்கிறேன்.